உண்ணிச்செடியும் எங்கள் செவலைக் கிடாரியும்

போன வாரம் மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். லண்டன் பூங்காவில் ஒரு யானைக் கூட்டம். "நிஜ யானை இல்லைம்மா, குச்சியில செஞ்சதாம்" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். நம்ம ஊர் உண்ணிக்குச்சி!

கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் செய்த யானைகள் அவை. 2021இல் லண்டனுக்குப் போயின, 2024இல் அமெரிக்காவுக்கும் போயின. எனக்கு என்னவோ யானை கண்ணில் நிற்கவில்லை. செத்துப்போன ஒரு கிடாரிதான் நின்றது.

எங்கள் ஊர் சத்தியமங்கலம் காட்டை ஒட்டியது. வேலியோரமெல்லாம் உண்ணிதான். பூத்தபோது மஞ்சளாக இருந்து, நாளாக ஆரஞ்சாகவும் ரோஜா நிறமாகவும் மாறும் பூக்கள். தண்டில் சின்னச் சின்னக் கொக்கிமுள். பாவாடையைப் பிடித்தால் விடாது. அழகுக்காக 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, காடு முழுக்க மண்டிவிட்டது. அது மண்டிய இடத்தில் மானுக்கும் மாட்டுக்கும் புல் கிடையாது.

கறுத்த பழங்களை நாங்கள் தின்போம். அப்பத்தா மட்டும் ஒன்று சொல்வார்: "கண்ணு, பச்சைக்காயை வாயில வெச்சறாத. வெசம்." இப்போது என் மகளுக்குக் கறுத்த பழமும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். கொத்தில் காயும் பழமும் கலந்தே கிடக்கும், குழந்தைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியுமா?

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. மழை பொய்த்த வருடம். சந்தையில் வாங்கி வந்த செவலைக் கிடாரியை மேய்ப்பது என் வேலை. ஒரு மதியம் நொண்டி விளையாடும் ஆசையில் அதை உண்ணிவேலி ஓரத்து முளையில் கட்டிவிட்டு ஓடிவிட்டேன். உள்ளூர் மாடுகள் சாதாரணமாக உண்ணித்தழையில் வாய் வைக்காது. இது ஊருக்குப் புதிது, பசி வேறு. சாயங்காலம் வந்தபோது எட்டும் தூரத்துத் தழையெல்லாம் மொட்டையாகியிருந்தது.

மூன்றாம் நாள் தீனி எடுக்கவில்லை. சாணி இறுகிப் போனது. கண் மஞ்சள் பூத்தது. வெயில் பட்டாலே மிரண்டு நிழலுக்கு ஓடியது. மூக்கைச் சுற்றித் தோல் சிவந்து உரிந்தது. மாட்டு டாக்டர் பார்த்ததும் கேட்டார்: "உண்ணி தின்னுச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். "தெரியாது" என்றேன்.

அந்த விஷம் ஈரலைக் கெடுத்துவிடுமாம். ஈரல் கெட்டால், தின்ற பச்சையிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும். அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். இருட்டுக் கொட்டகையில் கட்டச் சொன்னார், மருந்தும் கொடுத்தார். எட்டாம் நாள் விடியற்காலை செத்துவிட்டது.

மறுநாள் அப்பத்தா அரிவாளோடு போய் அந்த வேலியை வெட்டிச் சாய்த்தார். ஏன், எதற்கு என்று யாரிடமும் பேசவில்லை.

இத்தனைக்கும் உண்ணிக்குச்சியை எங்கள் வீட்டில் யாரும் வெறுத்ததில்லை. அடுப்புக்கும் பந்தலுக்கும் அதுதான். மாதேஸ்வரன் மலையில் சோளகர் மக்கள் குச்சியை வேகவைத்து, பட்டையை உரித்து, பிரம்பு போல வளைத்து நாற்காலி, கூடை எல்லாம் செய்கிறார்கள். பிரம்பும் மூங்கிலும் அரிதாகிப்போன இடத்தில் அது பிழைப்பு. காட்டிலிருந்து ஒரு புதர் குறையவும் செய்கிறது.

படம் பார்த்த அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, அந்தச் செவலைய உண்ணிகிட்ட கட்டினது நான்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது அன்னைக்கே தெரியும் அம்மிணி. முளையில கிடந்த முடிச்சு உன்னோடது. உங்க அப்பத்தாதான் அவுத்துட்டு வந்து, புள்ளையக் கேக்காதீங்கன்னு சொல்லுச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார்: "அந்த எடத்துல உண்ணி மறுபடி ஆளுசரத்துக்கு நிக்குது. வெட்டவெட்ட அடிக்கட்டையில துளுக்குது. லீவுக்கு வரும்போது மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா, வேரோட தோண்டிப்போடலாம்."