நூறு யென் வெந்நீர்

பெப்பு என்றதும் எனக்கு முதலில் வருவது வாசனைதான். அதுவும் ஊர் முழுக்க ஒரே வாசனை இல்லை. மலைமேல் மியோபான் பக்கம் போனால் கந்தகம் மூக்கில் ஏறும். அழுகின முட்டை என்று முகம் சுளித்தவர்கள்கூட ஒரு மாதம் போனால் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கன்னாவா பகுதியில் வேகிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஈர மூங்கிலும் கலந்த மணம். கீழே கடற்கரையோரத் தெருக்களில் கந்தகம் அவ்வளவாகக் கிடையாது. நனைந்த கல், சோப்பு, பழைய மரம். அந்தக் கடைசி வாசனைதான் அங்கே என்னோடு இருந்த உங்களுக்கும் நினைவிருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சோப்பு டப்பா கடகடக்க நாம் நடந்து போன தெரு அது.

பெப்பு ஜப்பானில், கியூஷு தீவின் கிழக்குக் கரையில் இருக்கிற ஊர். முதுகுக்குப் பின்னால் சுருமி மலை, 1,375 மீட்டர். அதற்கு வடக்கே கரான் மலை. இரண்டும் இன்னும் அடங்காத எரிமலைகள். மலையில் பெய்கிற மழை உள்ளே இறங்கி, பூமிக்கடியில் காய்ந்து, ஊருக்கு அடியிலேயே கடலைப் பார்த்து ஓடுகிறது. போகிற வழியில் 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மேலே வருகிறது. மழையாக விழுந்த தண்ணீர் வெந்நீராகத் திரும்பிவர 50 வருஷம் ஆகும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியானால் நாம் பிறப்பதற்கு முந்தைய மழையிலா குளிக்கிறோம் என்று நீங்கள் கேட்டீர்கள். தொட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்த தெருக்காரத் தாத்தா ஒருவர், "எனக்கு அது பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்த மழை" என்றார்.

அந்தத் தெருவில் நாம் போன குளியல் வீட்டுக்கு வெளியே பெரிய பலகை ஒன்றும் கிடையாது. மாடியில் தெருக்காரர்கள் கூட்டம் போடுகிற அறை. கீழே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். வாசலில் ஒரு மர உண்டியல். தெருக்காரர்களுக்கு மாதச் சந்தா. நம்மை மாதிரி வெளியாட்கள் அப்போது 100 யென் நாணயத்தைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காசு விழுகிற சத்தம் உள்ளே கேட்கும், அவ்வளவுதான். செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கினால் தரைமட்டத்துக்குக் கீழே நீள்வட்டத் தொட்டி. துணி வைக்கிற அலமாரிக்கும் தொட்டிக்கும் நடுவே கதவுகூட இல்லை. ஷவர் இல்லை, தனித்தனிக் குழாய் இல்லை. மூலை மாடத்தில் நோய் தீர்க்கும் யாகுஷி புத்தர். அவர் முன்னால் அன்றன்றைக்கு மாற்றின பூ.

நம்மூர்ப் பையன்கள் முதல் தடவை படுகிற பாடு சொல்லி மாளாது. ஆற்றிலும் பம்புசெட்டிலும் துண்டோ டவுசரோ இல்லாமல் இறங்கியறியாத கூட்டம். இங்கே துண்டு தண்ணீரில் படவே கூடாது; மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் சுவரைப் பார்த்தபடி குளித்தவன், அடுத்த வாரம் நடுத்தொட்டியில் உட்கார்ந்து அரிசி விலை பேசுவான். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

தொட்டியைச் சுற்றித் தரையில் உட்காருகிறோம். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் பேசின். அதன் அடியில் கெரோரின் என்ற தலைவலி மருந்தின் விளம்பரம். அதில் வெந்நீரை மொண்டு முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், இடுப்பில், கடைசியாகத் தோளில் ஊற்றி, உடம்புக்குச் சூட்டைப் பழக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். சோப்பு நுரை ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் முன் உள்ளே இருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டால் யாரும் மாட்டேன் என்பதில்லை. கேட்காமல் திறந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். கிளம்பும்போது "ஒசாகினி", முன்னால் போகிறேன் என்று எல்லாரையும் பார்த்து ஒரு தலையசைப்பு.

ராத்திரி பத்தரைக்குக் கதவு சாத்துவார்கள். அன்றைக்குத் தொட்டி கழுவுவது அந்தத் தாத்தாவின் முறை என்றால் நாமும் நின்றுவிடுவோம். அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வடித்துவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, நீளப் பிடி போட்ட பிரஷ்ஷால் தொட்டியைத் தேய்ப்பார். குழாய் வாயில் தண்ணீரிலுள்ள உப்பெல்லாம் படிந்து படிந்து கல்லாக இறுகியிருக்கும். சின்னச் சுத்தியலால் அதைப் பக்குவமாகத் தட்டி எடுக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் குழாய் உடையும். தட்டாமல் விட்டால் துளை அடைத்துக்கொள்ளும். டொக் டொக் என்கிற அந்தச் சத்தம் தெருக்கோடிவரை போகும். அதைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அம்மாள், நாம் ஒபாசான் என்று கூப்பிட்டவர், காகிதத்தில் சுற்றிய கோழிப் பொரியலோடும் நாலு கபோசு எலுமிச்சையோடும் வருவார். ஈரப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் நமக்குக் கடைசி பஸ் ஞாபகமே வரும்.

கன்னாவாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போவோம். அங்கே ஆவி சாக்கடை மூடியிலிருந்தும் வரும், யார் வீட்டுக் கொல்லையிலிருந்தோ வரும். அந்தக் காலத்தில் நடவும் அறுப்பும் முடிந்ததும் விவசாயிகள் அரிசியும் மிசோ என்கிற சோயா விழுதும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, வாரக்கணக்கில் தங்கி, உடம்பு வலியைத் தீர்த்துக்கொண்டு போவார்களாம். வாடகை அறைக்கு மட்டும், சமையல் அவரவர் பாடு. விறகு வேண்டாம், கேஸ் வேண்டாம். முற்றத்து அடுப்பில் பூமியின் ஆவியே வந்து நிற்கும். மூங்கில் தட்டில் முட்டைக்கோஸ், சோளம், முட்டை, கிழங்கு எதை வைத்தாலும் வெந்துவிடும். நம் மதுரைத் தோழி ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லித் தட்டை ஒருநாள் அதில் இறக்கினாரே! லேசான உப்பு, ஒரு துளி கந்தக வாடை. பக்கத்து அறையில் தங்கியிருந்த விவசாயி மிசோ தொட்டுத் தின்று பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதே கன்னாவாவில் இப்பென் என்ற துறவி 1276-ல் ஏற்படுத்தியதாகச் சொல்லும் ஆவிக் குளியல் இருக்கிறது. குனிந்து நுழைகிற கல் அறை. தரையில் செகிஷோ இலைகளைப் பரப்பியிருப்பார்கள். அது நம் வசம்பின் இனத்துச் செடி. அதன்மேல் படுத்த நிமிஷம், இருட்டுக்குள் பிள்ளை பெற்ற வீட்டு வாசனை. "எங்க பாட்டி இங்கே எப்படி வந்தாங்க?" என்று நீங்கள் முணுமுணுத்தது இப்போதும் காதில் இருக்கிறது.

இப்போதும் அந்த ஆவிக் குளியல் நடக்கிறது. 1879-ல் தொடங்கிய தாக்கெகாவாரா குளியல் வீடும் 1938-ல் கட்டிய அதே கட்டடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. சூட்டு மணலில் புதைந்து கிடக்க வரிசை குறையவில்லை. ரயிலடியில் அபுராயா குமாஹாச்சியின் சிலை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஆள் கூப்பிடுகிறது. 1928-லேயே பெண் வழிகாட்டிகளை வைத்து நரகச் சுற்றுலா பஸ் விட்ட மனிதர். கொதிக்கிற ஊற்றுக்குளங்களைத்தான் அங்கே நரகம் என்கிறார்கள். ஏழு நரகத்துக்கும் கூட்டம். கடற்கரை ஹோட்டல்களில் அறைக்கு அறை தனித் தொட்டி. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே குளித்துவிட்டு வரலாம், யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நம் தெருவுக்கும் போனேன். கதவில் கையால் எழுதிய ஒரு காகிதம்: இத்தனை காலம் வந்ததற்கு நன்றி. உண்டியலைக் கழற்றியிருந்தார்கள். ஒபாசானின் மகள்தான் விவரம் சொன்னார். சந்தா கட்டும் வீடுகள் குறைந்துபோயின, கூரை ஒழுகியது, பிள்ளைகள் ஒசாகாவுக்கும் டோக்கியோவுக்கும் போய்விட்டார்கள். பிரஷ் பிடித்தவர்களில் தாத்தா முதலில் போனார். மிச்சப்பேருக்கு முழங்கால் மடங்கவில்லை. ஊரில் வேறு தெருக்களிலும் இதே கதைதானாம். தண்ணீருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நாம் அங்கே இருந்த வருஷங்களில் பெய்த மழை மேலே வரவே இன்னும் காலம் இருக்கிறது.

அடுத்த முறை நீங்கள் போனால், நரகங்களுக்குச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு தெருக் குளியலுக்குப் போங்கள். வெளியாட்களை விடுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. காசைக் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள், கணக்குப் பார்க்காமல் போடுங்கள். ராத்திரி கடைசி ஆளாக நிற்க நேர்ந்தால், பிரஷ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.