நடுவில் சுற்றிய பட்டை

மெட்ராலஜி லேபில் நான் எடுக்கும் ரீடிங் தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது நண்பர்களே. அது இறங்கிய கதை இது.

எங்கள் வீட்டுப் பின்புற ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு லேத்து. கிரைண்டிங் வேலை எல்லாம் வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறோம். அம்மாவின் செயினை அடகு வைத்த பணத்தோடு, பழைய சர்ஃபேஸ் கிரைண்டர் ஒன்றைப் பார்க்க அப்பாவும் நானும் கோவை கணபதிக்குப் போனோம்.

மெஷினுக்குப் புதுப் பெயிண்ட். பெயிண்ட்டைப் பார்த்து ஏமாற நான் என்ன சின்னப் பையனா? மேக்னடிக் சக்கின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து சின்னத் துண்டுகளை வைத்து அரைக்கச் சொன்னேன். மைக்ரோமீட்டரில் ஐந்தும் ஒரே அளவு, 0.01 மி.மீ. கூட வித்தியாசமில்லை.

"வாங்கிடலாம்ப்பா" என்றேன்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவர் அப்பா. "இருடா கண்ணு" என்று, 300 மி.மீ. நீளத்தில் ஒரு கனமான பட்டையை அரைக்க வைத்தார். அரைத்த முகத்தை சர்ஃபேஸ் பிளேட்டில் கவிழ்த்து, ஒரு முனையை விரலால் லேசாகத் தள்ளினார். பட்டை நடுவில் நின்று பம்பரமாய்ச் சுற்றியது!

"தட்டையா இருந்தா மறுமுனையிலிருந்து ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு உள்ளே தள்ளி புடிச்சுத் திரும்பும். இது நடுவுல மேடு. தடம் தேஞ்சிருக்குது."

சக்கையும் அதே மெஷினில்தான் அரைத்திருக்கிறார்கள். தடத்தின் வளைவு சக்கிலும் இருக்கிறது. சின்னத் துண்டுகள் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே பருமன்தான் வரும். இது பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த ஞாயிறு சிங்காநல்லூரில் ஒன்று பார்க்கப் போகிறோம். அந்தப் பட்டையை இந்த முறை அப்பா வீட்டிலிருந்தே எடுத்து வைத்திருக்கிறார்.