நாலு பங்குல ஏஸ் ஃபிரேலி பங்கு

இந்த வாரம் நாத்து, உரம், பூச்சி எதுவும் இல்லைங்க. ஒரு பாட்டு ஆல்பத்தைப் பத்தி எழுதப்போறேன். "இந்த ஆளுக்கு என்ன ஆச்சு"ன்னு பக்கத்தை மூடிடாதீங்க. சுத்தி வந்து எங்க ஏரி வாய்க்கால்லதான் நிக்கும்.

ஆல்பத்து பேர் 'ஏஸ் ஃபிரேலி'. பாடினவர் பேரும் அதேதான். 1978 செப்டம்பர் 18-ம் தேதி அமெரிக்காவுல வெளியானது. அப்போ எனக்குப் பதினோரு வயசு. 'அன்னக்கிளி' வந்து ரெண்டு வருஷம் ஆன நேரம். எங்க ஊர்ல கல்யாணம், காதுகுத்துன்னா கட்டுற ஸ்பீக்கர் எல்லாத்துலயும் இளையராஜாதான். ஹார்டு ராக்னு ஒண்ணு இருக்குன்னே எங்க யாருக்கும் தெரியாது.

இப்போ எப்படித் தெரிஞ்சுதுன்னா, எங்க வீட்டு மாடிப் போர்ஷன்ல குடியிருக்கிற பசங்களாலதான். 1996-ல இருங்காட்டுக்கோட்டையில கார் கம்பெனிக்கு அடிக்கல் போட்டதுலேர்ந்து, ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒரகடம் வரைக்கும் மாடி கட்டி வாடகைக்கு விடாத வீடு கம்மி. நெல்லு கைவிட்ட வருஷம் வாடகைதான் சோறு போட்டுச்சு. இப்ப இருக்கிறதுல ஒரு தம்பி ஷில்லாங்கைச் சேர்ந்தவன். அந்த ஊர்ல நம்ம ஊரு கோயில் மேளம் மாதிரி தெருவுக்குத் தெரு கிட்டார். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா குளிச்சிட்டு, சன்னமா பாட்டு வெச்சுக்கிட்டுதான் தூங்குவான். போன அக்டோபர் 17-ம் தேதி காலையில தூங்காம மாடிப்படியில உக்காந்திருந்தான். "என்னப்பா"ன்னேன். "ஏஸ் செத்துட்டாரு அங்கிள்"னான். யாரோ சொந்தக்காரர்னுதான் கேட்டுக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் விவரம் சொன்னான்.

நியூயார்க்ல 1973-ல ஆரம்பிச்ச 'கிஸ்'ங்கிற குழுவோட கிட்டார்காரர் இவர். அந்தக் குழு முகத்துல வெள்ளையும் கறுப்புமா அரிதாரம் பூசிக்கிட்டுத்தான் மேடை ஏறும். எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஆளுக்கு ஒரு வேஷம். ஜீன் சிம்மன்ஸ் அரக்கன், பால் ஸ்டான்லி ஒரு கண்ணுல நட்சத்திரம், டிரம்ஸ் வாசிக்கிற பீட்டர் கிரிஸ் பூனை, நம்ம ஏஸ் விண்வெளி மனுஷன். வாயில நெருப்பு, கிட்டார்ல புகைன்னு கூத்து விடிய விடிய நடக்காட்டியும் ஆர்ப்பாட்டத்துக்குக் குறைச்சல் இல்லை.

பாட்டு எழுதறது, பாடறது, பணக்கணக்கு பேசறது எல்லாம் பெரும்பாலும் ஜீனும் பாலும்தான். ஏஸ் வாசிப்பார், குடிப்பார், சிரிப்பார். யார்கிட்டயும் போய் உக்காந்து கிட்டார் கத்துக்கிட்டவர் இல்லை. பாடச் சொன்னா கூச்சம். 1976 டிசம்பர்ல ஃபுளோரிடாவுல ஒரு மேடையில, எர்த் இல்லாத இரும்புக் கைப்பிடியைத் தொட்டு ஷாக் அடிச்சு விழுந்தார். மழையில மோட்டார் கொட்டகை ஸ்டார்ட்டரைத் தொட்டு ஒரு தடவையாவது உதறாத விவசாயி இருக்க முடியாது, அந்த வலி நமக்குத் தெரியும். அந்தச் சம்பவத்தை வெச்சே அவர் ஒரு பாட்டு எழுதி, 1977-ல முதல் தடவையா கிஸ் ஆல்பத்துல முழுப்பாட்டையும் தானே பாடினார்.

அடுத்த வருஷம் காசாபிளாங்கா கம்பெனி ஒரு வேலை பண்ணுச்சு. நாலு பேரும் தனித்தனியா ஒரு ஆல்பம் போடணும், நாலும் ஒரே நாள்ல வெளிவரணும். கேட்டதும் எனக்கு நம்ம ஊரு பாகப்பிரிவினைதான் ஞாபகம் வந்துச்சு. நாலும் ஒரே மாதிரி அட்டை, ஒரே நாள் பத்திரம். ஜீன் பெரிய ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து பாட வெச்சார். ஷேர், டோனா சம்மர்னு விருந்தாளிப் பட்டியல் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளும். பீட்டர் தனக்குப் பிடிச்ச பழைய ஆர் அண்ட் பி பாணிக்குப் போனார். பால் குழுவுல பண்ணினதையே தனியா பண்ணினார். ஏஸ்கிட்ட யாரும் பெரிசா எதிர்பார்க்கல.

அவர் பண்ணினது சின்ன ஏற்பாடு. ஜிமி ஹென்ட்ரிக்ஸோட வேலை செஞ்ச எடி கிரேமர் கூட நின்னார். டிரம்ஸுக்கு ஆன்டன் ஃபிக்னு ஒரு தென்னாப்பிரிக்கப் பையன். கிட்டார் எல்லாம் தானே, பேஸ் கிட்டாரும் பெரும்பாலும் தானே, பாட்டும் தானே. கனெக்டிகட்ல ஒரு பழைய பங்களாவுல கருவிகளை இறக்கி வெச்சு ஒரு பகுதியைப் பதிவு பண்ணினாங்க. மொத்தம் ஒன்பது பாட்டு. முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

நான் கேட்டது ராத்திரி மும்முனைக் கரண்ட் வர்ற நேரம், மோட்டார் போட்டுட்டு வரப்புல உக்காந்து. தம்பிதான் போன்ல ஏத்திக் குடுத்தான். வார்த்தை எனக்குப் பாதிகூடப் புரியல. ஆனா குரல் புரிஞ்சுது. அது பாடகன் குரல் இல்லைங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேசற ஆள் குரல். எட்டாத சுருதிக்கு எம்பாது, எட்டற இடத்துலயே நின்னு தைரியமா பாடுது. சொல்ல வந்ததை மீதி கிட்டார் சொல்லிடுது. முதல் பாட்டு நடுவுல கொஞ்ச நேரம் எல்லாரும் நின்னு டிரம்ஸ் மட்டும் தனியா உருளும் பாருங்க, கொட்டகைத் தகரத்துல ஐப்பசி மழை இறங்கற மாதிரி இருக்கும். எல்லாப் பாட்டும் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன். நடுவுல ரெண்டு பாட்டு போதையிலயே சுத்துது, கேக்கவும் மந்தமா இருக்கு.

வியாபாரம் எப்படி ஆச்சுன்னா, கம்பெனி ஒவ்வொரு ஆல்பத்தையும் பத்து லட்சம் கணக்குல கடைகளுக்கு ஏத்தி அனுப்புச்சு. நிறையத் திரும்பி வந்துச்சு. லோடு ஏத்தினது எல்லாம் வித்தது ஆகாதுன்னு நமக்குச் சொல்லித் தரணுமா? கொள்முதல் நிலையத்து வாசல்ல மூட்டையோட எத்தனை ராத்திரி படுத்திருக்கோம். ஆல்பம் வரிசையில ஜீனோடது 22-வது இடம் வரைக்கும் போச்சு, ஏஸோடது 26. ஆனா தனிப்பாட்டு வரிசையில 'நியூயார்க் குரூவ்' 13-வது இடம் வரைக்கும் ஏறுச்சு. மத்த மூணு பேர் பாட்டு எதுவும் நாப்பதுக்குள்ள வரல. அந்தப் பாட்டும் அவர் எழுதினது இல்லை. ரஸ் பல்லார்ட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் எழுதி, 1975-லயே 'ஹலோ'ங்கிற குழு பாடினது. விதை வெளியூர், விளைஞ்சது இவர் மண்ணுல. நாலுல எது நல்லா இருக்குன்னு கேட்டா, கிஸ் ரசிகர்கள்ல ரொம்பப் பேர் இன்னிக்கும் ஏஸோடதைத்தான் சொல்றாங்களாம்.

இப்போ எங்க வாய்க்காலுக்கு வர்றேன்.

நாங்களும் நாலு பேர். 2004-ல பாகம் பிரிச்சோம், ஆளுக்கு ஒண்ணேகால் ஏக்கர். பெரியண்ணனுக்கு ரோட்டோரம். சின்னண்ணனுக்கு அடுத்தது. எனக்குக் கிணத்து மேடு. கடைசித் தம்பிக்கு ஏரி மதகுலேர்ந்து தண்ணி கடைசியா வந்து சேர்ற களர் நிலம். கூட்டுல இருந்தவரைக்கும் ஏர் ஓட்டறது, மோட்டார் பாக்கறது, மாடு கட்டறது எல்லாம் அவன்தான். என்ன போடலாம், எப்ப விக்கலாம்னு பேசற இடத்துல அவனுக்கு நாற்காலி கிடையாது. அவனும் கேட்டதில்லை.

பெரியண்ணன் நிலம் வித்தாச்சு. சின்னண்ணன் லாரி நிறுத்த வாடகைக்கு விட்டிருக்கார். தம்பி என்ன பண்ணினான்னா, ஜிப்சம் போட்டு, தண்ணி கட்டி வடிச்சு, வருஷா வருஷம் தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதான். மூணு வருஷம் விளைச்சல்னு சொல்ல ஒண்ணும் இல்லை. நாலாவது வருஷம் கிச்சிலி சம்பா போட்டான். இப்போ ஏக்கருக்கு இருபது மூட்டை எடுக்கறான். அரிசியா அடிச்சு, வாடகைக்கு இருக்கிற குடும்பங்களுக்கே வீடு தேடிப் போய் விக்கறான். பிரமாதம்னு சொல்லல. சுமாரை விட நல்லாவே பண்றான். சொன்னா சிரிப்பான்.

ரெண்டு மாசமா ஒரு தரகர் வந்து போறார். என் நிலமும் தம்பி நிலமும் சேர்த்துக் கேக்கறாங்க. தம்பி குடுக்காட்டி என்னோடதை மட்டுமாவது குடுங்கன்னு இப்ப இறங்கி வந்திருக்கார். பெரியண்ணனும் போன் மேல போன். சொல்ற விலைக்கு மகள் கல்யாணக் கடன் ஒரே நாள்ல தீரும், மிச்சமும் இருக்கும். ஆனா தம்பிக்குப் போற வாய்க்கால் என் நிலத்து நடுவுலதான் போகுது. சுத்துச்சுவர் எழுப்பிட்டா அவன் கழனிக்குச் சொட்டுத் தண்ணி போகாது. இது அவனுக்கும் தெரியும். இந்த ரெண்டு மாசத்துல ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கல. வழக்கம்போல காலையில வாய்க்கால்ல புல்லு செதுக்கிட்டுப் போறான், என் பக்கத்தையும் சேர்த்து.

நேத்து தரகருக்குப் பதில் சொல்லிட்டேன். இல்லைன்னுதான். கடன் இன்னும் நாலு வருஷம் ஓடும், வாடகையை வெச்சுக் கட்டிக்கலாம். வீட்டுல கோபம் இருக்கு, அது நியாயமும்தான். பெரியண்ணன் இன்னும் கூப்பிடல.

ஏஸ் 1982-ல குழுவை விட்டுப் போனார், 1996-ல திரும்பி வந்தார், 2002-ல மறுபடியும் போயிட்டார். கடைசி கிட்டத்தட்ட இருபது வருஷம் குடியை விட்டு இருந்தார். 2025 அக்டோபர் 16-ல, 74 வயசுல போய்ச் சேர்ந்தார்.

கேக்கணும்னு தோணினா கடைசிப் பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க. 'ஃபிராக்சர்ட் மிரர்'. பாட்டே கிடையாது, மணி அடிச்சு ஆரம்பிச்சு வெறும் கிட்டார் மேல கிட்டாரா அடுக்கிட்டுப் போகும், இங்கிலீஷ் தெரியணும்னு இல்லை. தம்பிக்குக் கேக்க வெச்சேன். "அண்ணே, இதுல ஆளு எப்ப பாடுவாரு"ன்னான். பாடமாட்டார்டான்னேன். முழுசாக் கேட்டுட்டுத்தான் மண்வெட்டியை எடுத்தான்.

அடுத்த பதிவு அறுவடை மெஷின் வாடகை பத்தி. இந்த வருஷம் மணிக்கு என்ன கேக்கறாங்கன்னு உங்க ஊர் நிலவரத்தை எழுதுங்க.