மூங்கில் அகப்பை

டோக்கியோவின் நிஷி கசாயில் நாம் குடியிருந்த தெருக்கோடியில் ஒரு சின்ன ஷிண்டோ கோயில் இருந்ததே, நினைவிருக்கிறதா? கல் தோரி வாசலுக்குள் காலை வைத்ததும் கூழாங்கல் சரக் சரக்கென்று கூடவே வரும். நவம்பரில் கிங்கோ மரத்தடியில் பழம் உதிர்ந்து நசுங்கி, கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாறும். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் மூன்று, ஐந்து, ஏழு வயசுப் பிள்ளைகளுக்குக் கிமோனோ உடுத்தி ஷிச்சிகோசான் விழாவுக்குக் கூட்டி வருவார்கள். கையில் நீள மிட்டாய். அதன் பை தரையில் இழுபடும்.

வாசலோரத் தண்ணீர்த் தொட்டியில்தான் நமக்கு முதல் பாடம். மேலே மூங்கில் அகப்பைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நாம் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பெருக்கிக்கொண்டிருந்த பாட்டியம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து செய்து காட்டினாரே! எல்லாவற்றுக்கும் ஒரே அகப்பைத் தண்ணீர். முதலில் இடது கை, பிறகு வலது. இடது உள்ளங்கையில் வாங்கி வாய் கொப்பளிக்க வேண்டும்; அகப்பையில் வாய் படக்கூடாது. மிச்சத் தண்ணீரோடு அகப்பையை நிமிர்த்தினால் காம்பு வழியே வழிந்து இறங்கும். அடுத்து வருகிறவர் பிடிக்கப்போகிற இடத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போகிறோம். அந்தக் கோயிலில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அப்புறம் ஓட்டை போட்ட 5 யென் காசு. அதை 'கோஎன்' என்பார்கள். பந்தம் என்ற சொல்லுக்கும் அதே உச்சரிப்பு. காசைப் போட்டு, கயிற்றை ஆட்டி மணியடித்து, இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். உன் கைதட்டல் எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் கேட்கும்.

ஆகஸ்ட் காலை. மணி 6.30. கோயில் முற்றத்தில் ரேடியோ பாடுகிறது. தெருப் பிள்ளைகள் அதற்கேற்ப உடற்பயிற்சி என்று தூக்கக் கலக்கத்தோடு கையைக் காலை ஆட்டுகிறார்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறது, முடிந்ததும் முத்திரை வாங்க. மரத்தில் சிள்வண்டு மீ...ன் மீ...ன் என்று விடாமல் கத்துகிறது.

போன மாதம் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். 2020இல் கொரோனாவுக்காக எடுத்து வைத்த அகப்பைகள் இன்னும் திரும்பவில்லை. ஜப்பானில் பல கோயில்களில் இதே கதைதான். துளையிட்ட மூங்கிலிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டுகிறது. மணிக்கயிற்றையும் மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். முற்றத்தில் யாரும் பெருக்கவில்லை.

இடது கை, வலது கை, வாய். எல்லாம் கழுவியாயிற்று. பழக்கத்தில் என் கை இல்லாத காம்பை நிமிர்த்தப் போனது.

நீ எப்போதாவது அந்தப் பக்கம் போனால், அகப்பைகள் வந்துவிட்டனவா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுது.