அயர்லாந்து போறவங்களுக்கு ஒரு வார்த்தை

அயர்லாந்துன்னா டப்ளின், மோஹர் பாறைன்னு ரெண்டே இடத்தோட முடிச்சுடறாங்க.
மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

மேற்குக் கரையில மேயோ கவுண்ட்டி. அங்க கேஜா ஃபீல்ட்ஸ்னு ஒரு இடம்.

1930கள்ல பாட்ரிக் கால்ஃபீல்டுன்னு ஒரு பள்ளி ஆசிரியர். எரிக்கிறதுக்குச் சதுப்புமண் வெட்டறப்ப அடியில கல்லு தட்டுப்படுது.
உருண்டு வந்த கல்லு இல்ல, கையால அடுக்கின கல்லு!
பின்னாடி அவர் மகன் ஷேமஸ் தொல்லியல் படிச்சுட்டு வந்து, நீளக் கம்பியைச் சதுப்புல குத்திக் குத்தியே சுவர் போற வழியைக் கண்டுபிடிச்சார்.
5,000 வருஷத்துக்கு முந்தின விவசாயி கட்டின வயக்காட்டுச் சுவர்ங்க அது.

அப்புறம், அதே மேயோவுல வெஸ்ட்போர்ட்ல இருந்து அக்கில் வரைக்கும் பழைய ரயில் பாதையிலயே 40 கி.மீ.க்கு மேல சைக்கிள் மிதிக்கலாம்.

டப்ளின்ல ஒரு நாளைக் குறைச்சுக்கோங்க. மேயோவுக்குக் குடுங்க.

போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?