இரண்டாவது கையெழுத்து

மேஜைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. நடுவில் ஒரு தட்டு நிறையப் பண்ருட்டிப் பலாச்சுளை. பிசுக்கு விரலோடு விசைப்பலகையைத் தொட முடியாது என்பதால் இருவரும் அதில் கை வைக்கவில்லை. நெய்வேலி நகரியத்தில் வேப்பமரங்கள் அடர்ந்த ஒரு வட்டத்துக் குவார்ட்டர்ஸ் வீடு. வீட்டுக்காரர் அனல்மின் நிலைய ஊழியர், எனக்குப் பழைய சிநேகிதர். அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். உள்ளே இருப்பவள் அவர் மகள், பெங்களூரில் வேலை. எதிரே அவர் தங்கை மகன், பொறியியல் கல்லூரி மாணவன்.

வெகுநேரமாகப் பேச்சே இல்லை. ஆனால் அங்கே ஒரு நீண்ட விவாதம் நடக்கிறது. தம்பி எழுதிய நிரல் மாற்றத்தை அக்கா வரிவரியாகப் படிக்கிறாள். ஆட்சேபம் தோன்றும் இடத்தில் நிறுத்தி, அந்த வரிக்குக் கீழே கேள்வியை எழுதி, மின்னஞ்சலில் எல்லோருக்குமாக அனுப்புகிறாள். அது உலகத்தைச் சுற்றிவிட்டு நாலடி தள்ளி இருக்கும் அவன் திரைக்கு வருகிறது. அவன் நெற்றியைத் தேய்க்கிறான், பதில் எழுதுகிறான்.

"வாயிலயே சொல்லிடலாமேக்கா?" என்று ஒருமுறை கேட்டான்.

"சொன்னா உனக்கு மட்டும்தான்டா தெரியும். அஞ்சு வருஷம் கழிச்சு இந்த வரியை மாத்தப் போறவன் யாரைப் போய்க் கேப்பான்?"

அவர்கள் படிக்கும் நிரலின் பெயர் க்யூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-இல் தொடங்கியது. கையில் இல்லாத இயந்திரத்தை, இருக்கிற இயந்திரத்துக்குள் நடத்திக் காட்டுவது அதன் வேலை. ஒரு செயலியின் கட்டளைகளைத் துண்டு துண்டாக எடுத்து இன்னொரு செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி ஓட்டும். டிஸ்க், நெட்வொர்க் கார்டு, சீரியல் போர்ட் எல்லாவற்றுக்கும் மென்பொருளிலேயே உருவம் வைத்திருக்கிறது. கடைகளில் காணாமல் போன பழைய ஸ்பார்க், பவர்பிசி இயந்திரங்கள் அதற்குள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இன்னும் பிறக்காத சிப்புக்குக்கூட அதில் முன்கூட்டியே நிரல் எழுதிப் பார்க்கலாம். திறந்த மூலம், யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் இன்னொருவர் படித்துத் தன் பெயரைப் போட்ட பிறகே திருத்தம் உள்ளே போக வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை.

நம் மண்ணுக்கும் அதில் இடம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி செயலியின் சி-வகைப் பலகை 2021-இலிருந்து க்யூஎமுவில் இருக்கிறது. ஒரு கோர், ஒரு சீரியல் போர்ட், டைமருக்கும் இன்டரப்டுக்கும் வேண்டிய பாகங்கள், அவ்வளவுதான். உண்மையான பலகையைக் காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வரம். தம்பி பழகியது அதில்தான். இப்போது கை வைத்திருப்பது வேறொரு பலகையின் சீரியல் போர்ட்டில். வரும் எழுத்துகளைத் தேக்கி வைக்க ஒரு சின்ன பஃபர் சேர்த்திருக்கிறான்.

அக்காவின் முதல் ஆட்சேபம் எளிமையானது. ஒரே பேட்ச்சில், அதாவது ஒரே திருத்தத்தில், இரண்டு வேலை செய்திருக்கிறான்: பஃபரையும் சேர்த்து, பக்கத்து வரிகளின் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறான். பிரித்து அனுப்பச் சொல்கிறாள். நாளைக்கு ஏதாவது உடைந்தால் எந்த மாற்றம் உடைத்தது என்று தேடிப் போகிறவருக்கு வழி தெளிவாக இருக்க வேண்டும். அடுத்தது, என்ன செய்தேன் என்று எழுதியிருக்கிறானே தவிர, ஏன் செய்தேன் என்று எழுதவில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தில்தான் அவள் விரல்கள் நின்றன. திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இந்த இன்டெக்ஸ் எங்கேருந்து வருது?"

"கெஸ்ட் எழுதுறதுதான்க்கா."

"கெஸ்ட் தப்பா எழுதினா?"

"அசெர்ட் போட்டிருக்கேன். எல்லை தாண்டினா உடனே நின்னுடும்."

"எது நிக்கும்?"

அவன் பதில் சொல்லவில்லை. புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. உள்ளே ஓடும் இயந்திரம், அதாவது கெஸ்ட், யாருடையதாகவும் இருக்கலாம். அது ஒரு தப்பான எண்ணை எழுதினால் க்யூஎமுவே மொத்தமாக விழுந்துவிடும். அது தவறு. தப்பான மதிப்பைப் பதிவேட்டில் குறித்துவிட்டு, அந்த எழுத்தை ஏற்காமல் மேலே நகர வேண்டும். அசெர்ட்டையும் மறந்து எல்லையைச் சோதிக்காமலே விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எவ்வளவு மோசம் என்பதற்கு வெனம் என்று பெயர் பெற்ற பிழையே சாட்சி. க்யூஎமுவில் ஃபிளாப்பி டிஸ்க் கன்ட்ரோலருக்கும் ஓர் உருவம் உண்டு. கெஸ்ட் அனுப்பும் கட்டளைகளை அது 512 பைட் கொண்ட ஒரு பஃபரில் வாங்கிக்கொள்ளும். ஒரு கட்டளை முடிந்ததும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கட்டளைகளில் மட்டும் அது உடனே திரும்பவில்லை. அந்த இடைவெளியில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால் பஃபர் நிரம்பி வழிந்து பக்கத்து நினைவகத்தை அரிக்கும். கெஸ்ட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியவன், வேலி தாண்டி, அதைத் தாங்கி ஓடும் உண்மையான இயந்திரமான ஹோஸ்ட்டுக்குள் கால் வைக்க வழி பிறக்கும். இந்த வரிகள் 2004-இல் எழுதப்பட்டவை. கண்டுபிடித்தவர் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர். வெளியே வந்தது 2015 மே மாதம். ஃபிளாப்பியை உலகமே மறந்திருந்த காலத்திலும் அந்த கன்ட்ரோலர் பல மெய்நிகர் இயந்திரங்களுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. ஃபிளாப்பியே செருகாத இயந்திரத்திலும் அதற்குக் கட்டளை அனுப்ப முடிந்தது. மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ஜென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாமே அந்த நிரலை எடுத்தாண்டிருந்ததால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருந்தது.

பதினோரு வருடம். திறந்து கிடக்கும் நிரல்தான், யாரும் படித்திருக்கலாம். படிக்கக் கிடைப்பது வேறு, ஒருவர் உட்கார்ந்து படிப்பது வேறு. இந்த வீட்டு மேஜையைப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கிறது. சம்பளமில்லாமல், தனக்கு ஒரு பயனுமில்லாத ஒரு சீரியல் போர்ட்டுக்காக, ஒருத்தி தன் விடுமுறைப் பொழுதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே சைக்கிள் நிற்கும் சத்தம். சிநேகிதர் வந்துவிட்டார். முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பழகியவர். சோவியத் ஒத்துழைப்போடு எழுந்து 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய, ஆறு 50 மெகாவாட் அலகுகளும் மூன்று 100 மெகாவாட் அலகுகளும் கொண்ட நிலையம். 2020 செப்டம்பரில் அதை மூடியபோது வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். கைகால் கழுவிவிட்டு வந்து, மகளின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"இதுல ஏன்மா இத்தனை பேரு?"

அவள் சொன்னாள். சைன்ட்-ஆஃப்-பை என்றால் எழுதியவனின் கையெழுத்து. இது என் வேலை, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரலை ஏற்பதில்லை என்று அந்தத் திட்டம் 2025-இல் முடிவெடுத்ததற்கும் இந்த உறுதிமொழியே காரணம். ரிவ்யூட்-பை என்றால் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டவரின் கையெழுத்து. டெஸ்டட்-பை, ஓட்டிப் பார்த்தவருடையது.

"பெர்மிட்டு மாதிரி," என்றார் அவர். "வாங்குறவன் ஒருத்தன், குடுக்குறவன் ஒருத்தன். ஒரே ஆள் ரெண்டு எடத்துலயும் கையெழுத்துப் போட்டா நாங்க பிரேக்கரைத் தொட மாட்டோம்." பிறகு பலாச்சுளைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

தம்பி மாலைக்குள் இரண்டாம் வடிவத்தை அனுப்பினான். இப்போது இரண்டு பேட்ச். என்னென்ன மாற்றினேன் என்ற குறிப்பு கீழே. ஐரோப்பாவிலிருந்து ஒருவர் உடனே இன்னொரு கேள்வி கேட்டார்: இயந்திரத்தை ரீசெட் செய்தால் பஃபர் காலியாகிறதா? ஆகவில்லை. அக்காவும் அதைக் கவனிக்கவில்லை. "நல்ல கேள்வி" என்று அவருக்கு நன்றி எழுதிவிட்டு, தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டாள். அவள் மீது எனக்கு மதிப்பு கூடியது அந்த இடத்தில்.

மூன்றாம் வடிவத்துக்கு அவளுடைய ரிவ்யூட்-பை கிடைத்தது. பராமரிப்பவர் எடுத்துக்கொள்ள ஒரு வாரம் ஆகலாம், இரண்டு ஆகலாம். காத்திருக்கும் நேரத்தில் தம்பி வேறு யாரோ அனுப்பிய பேட்ச் ஒன்றைத் திறந்தான். மெல்லப் படித்தான். முதல் முறையாக இன்னொருவர் வேலைக்குக் கீழே தன் பெயரை எழுதத் தொடங்கினான்.

"என்ன போடுற?"

"ரிவ்யூட்-பையும் டெஸ்டட்-பையும்."

"ஓட்டிப் பாத்தியா?"

"படிச்சேன்க்கா. சரியாத்தான் இருக்கு."

"அப்ப படிச்சதுக்கு மட்டும் போடு."

அவன் இரண்டாவது வரியை அழித்தான். சற்று யோசித்துவிட்டு மின்னஞ்சலை அனுப்பாமல் நிறுத்திவைத்து, அந்த பேட்ச்சைத் தன் பழைய லேப்டாப்பில் சேர்த்து பில்ட் ஓட விட்டான். முடிய நேரமாகும் என்றாள் அக்கா. சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னான்.