கழுவாத செந்தூள்

ரெட் ஆக்சைடு பிரைமருக்குத் தரச் சோதனை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுவது அப்போது என் வேலை. உப்பு இருக்கிறது என்று தெரிந்தே ஒரு பேட்சுக்குக் கையெழுத்துப் போட்டேன். அதன் பழி ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் தலையில் விழுந்தபோது பேசாமல் இருக்கவும் இல்லை. நானே தூக்கி வைத்தேன்.

அந்தப் பிரைமருக்கான செந்தூள் வரும் வழி இது. உருக்குத் தகட்டில் படிந்த கறுப்புச் செதிலை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் முக்குவார்கள். இரும்பு கரையக் கரைய அமிலம் வலுவிழந்து கழிவாகும். ஆற்றில் விட்டால் மீன் சாகும், பக்கத்துக் கிணறும் கெடும். அதையே சூடான உலைக்குள் தூறலாகத் தெளித்து வறுத்தால் அமிலம் ஆவியாகப் பிரிந்து மறுபடி ஆலைக்கே போகும். அடியில் இரும்பு ஆக்சைடு செந்தூளாக விழும். காந்தம் செய்கிறவர்கள் வாங்குவார்கள், பெயிண்ட்காரர்கள் நாங்களும் வாங்குவோம். ஆற்றுக்குப் போயிருக்க வேண்டியது கதவுக்கும் கிராதிக்கும் காப்பாகிறதே என்று எனக்கு உண்மையிலேயே பெருமை. இன்றும் அந்தப் பெருமை போகவில்லை.

ஆனால் அந்தத் தூளோடு கொஞ்சம் குளோரைடு உப்பும் ஒட்டிக்கொண்டு வரும். கழுவினால் போய்விடும். கழுவத் தண்ணீர், உலர்த்த எரிபொருள் என்று செலவு உண்டு. கழுவாத தூள் விலை குறைவு. கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. காய்ச்சி வடித்த நீரில் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சில சொட்டு விட வேண்டும். குளோரைடு இருந்தால் வெள்ளையாகத் திரியும். அந்தப் பேட்சின் தூளைச் சோதித்த அன்று குழாயில் கட்டி கட்டியாகத் திரிந்தது. பதிவேட்டில் 'வரம்புக்குள்' என்று எழுதினேன். கழிவை வீணாக்காமல் காப்பாற்றுகிறோம், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். முதலாளி அப்படி எழுதச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. அவர் சொல்லவே இல்லை.

எந்த பெயிண்ட் படலமும் ஈரத்தை முழுதாக மறிப்பதில்லை. ஊறுகாய் ஜாடியில் உப்பு எலுமிச்சையின் நீரை இழுப்பதுபோல், படலத்துக்குள் இருக்கும் உப்பு வெளி ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். துருப்பிடிக்க வைப்பதில் குளோரைடு தீர்ந்துபோவதும் இல்லை. துளி இருந்தாலே அரிப்பு தொடர்ந்து நடக்கும்.

கடலோரப் பள்ளி ஒன்றின் ஜன்னல் கிரில்களில், அந்தப் பேட்சை அடித்த பின் வந்த முதல் மழைக்காலத்திலேயே அது நடந்தது. பட்டறைக்காரர் ஒரு கொப்புளத்தைக் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே தண்ணீரும் பழுப்புத் துருவும்.

"உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சுத்தான் சார் அடிச்சேன். பசங்களை நம்பாம நானே கூட நின்னேன்."

"கடல் காத்துக்கு இந்தத் தேய்ப்பு பத்தாதுண்ணே" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். தன் கைக்காசில் எல்லாவற்றையும் சுரண்டித் திரும்ப அடித்தார், எங்களிடமே பிரைமர் வாங்கி. அந்த முறை கழுவிய தூளில் அரைத்த பேட்ச் அவருக்குப் போகும்படி பார்த்துக்கொண்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை. பள்ளியிலோ வேறு பேச்சு கிளம்பியிருந்தது: கழிவுச் சரக்கு என்றால் இப்படித்தான், இனி வேண்டாம் என்று. தூளின் மேல் குற்றம் இல்லை, கழுவாததைத் தெரிந்தே விட்ட என் மேல்தான் என்று அங்கே போயும் நான் சொல்லவில்லை.

அண்ணே, உங்கள் தேய்ப்பில் குறை இல்லை. இரண்டாம் முறை ஆன கூலியும் பிரைமர் விலையும் நான் தர வேண்டியவை. கணக்குச் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பள்ளிக்கும் எழுதுகிறேன்.